செல்லப் பிராணிகள் கேள்வி – பதில்: மிதியடியை விட்டுவிட்டு பேடுக்குப் போக வைப்பது எப்படி?

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன: அடுக்குமாடி வீடு, சின்ன நாய், நனைந்த தரை. அதனால் இம்முறை பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டோம். (பேட் என்பது நாய் சிறுநீர், மலம் கழிக்கத் தரையில் போடும், ஈரத்தை உறிஞ்சும் விரிப்பு.) பதில்கள் எங்கள் கால்நடை மருத்துவரும் நாய்ப் பயிற்சியாளரும் சேர்ந்து எழுதியவை.

ஏழாவது மாடியில் இருக்கிறோம். இரண்டரை மாத ஷிட்ஸு, பெண் குட்டி. இரண்டு தடுப்பூசி முடிந்திருக்கிறது. தெருவில் இறக்காதீர்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஹாலில் இரண்டு, பெட்ரூமில் ஒன்று, பால்கனியில் ஒன்று என்று பேட் போட்டிருக்கிறோம். சில நேரம் அதில் போகிறாள். பல நேரம் மிதியடியில், சில நாள் கட்டிலுக்கு அடியில். திட்டினால் முழிக்கிறாள். எங்கிருந்து ஆரம்பிப்பது?
– வாசகி, வேளச்சேரி

டாக்டர் சொன்னது சரி. குட்டிகளின் உயிரையே பறிக்கக்கூடிய பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் வீரியத்தோடு கிடக்கும். குட்டிகளுக்கான தடுப்பூசி வரிசை 16 வார வயதை ஒட்டித்தான் முடியும்; அதன் பிறகும் ஒன்றிரண்டு வாரம் பொறுக்க வேண்டும். அதுவரை எல்லாம் வீட்டுக்குள்தான்.

உங்கள் வீட்டில் பேட் குறைச்சல் இல்லை. குட்டிக்குக் கொடுத்திருக்கும் இடம்தான் அதிகம். கழிக்கும் இடத்தை நாய்க்குட்டி காலடியில் என்ன படுகிறது என்பதை வைத்துத்தான் பெரும்பாலும் அடையாளம் கண்டுகொள்ளும். எட்டு வார வயதை ஒட்டியே இந்தப் பழக்கம் பதியத் தொடங்கிவிடும். மெத்தென்று இருந்து ஈரத்தை உறிஞ்சினால் அது கழிப்பிடம். பேட் அப்படி இருக்கிறது, மிதியடியும் அப்படி இருக்கிறது, கட்டிலடியில் கிடக்கும் பழைய போர்வையும் அப்படித்தான். அவள் கணக்குப்படி அவள் தப்பே செய்யவில்லை. எனவே முதல் வேலை, இரண்டு மூன்று மாதத்துக்கு மிதியடி, கார்ப்பெட், பாத்ரூம் மேட், தரையில் கிடக்கும் துணிமணி எல்லாவற்றையும் எடுத்துவிடுவது. தாத்தா படித்துவிட்டு நாற்காலிக்குப் பக்கத்தில் போட்டுவைக்கும் பேப்பரும் இதில் சேர்த்தி.

அடுத்தது தடுப்பு. கம்பி மடிப்புக் கூண்டு, அதாவது மேல்மூடி இல்லாத தடுப்பு வேலி, நாலடிக்கு நாலடி போதும். ஒரு மூலையில் இரண்டடிக்கு இரண்டடிப் படுக்கை, அதை ஒட்டித் தண்ணீர்க் கிண்ணம். மீதித் தரை முழுவதையும் பேடால் மூடிவிடுங்கள், 60×45 செ.மீ. அளவுள்ள பேட் நாலு பிடிக்கும். எங்கே போனாலும் பேட் என்றால் தப்பு நடக்க வழியே இல்லை. இரண்டு மூன்று நாளில் அவளுக்குப் பிடித்த மூலை எது என்று தெரிந்துவிடும். பெரும்பாலும் படுக்கைக்கு எதிர்க்கோடி. படுக்கைக்கு அருகில் உள்ள பேடை முதலில் எடுங்கள். இரண்டு நாள் சுத்தமாகப் போனால் அடுத்தது. கடைசியில் ஒரு பேட் நிற்கும். அவசரப்பட்டு ஒரே நாளில் மூன்றை எடுத்தால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும்.

மூன்றாவது நேரம். குட்டி எவ்வளவு நேரம் அடக்கும் என்பதற்கு ஒரு தோராயக் கணக்கு உண்டு: வயது மாதத்தில், கூட ஒன்று, அத்தனை மணி நேரம். இது உச்ச வரம்பு. அதுவும் சும்மா படுத்திருந்தால்தான். விளையாடிக்கொண்டிருக்கும் இரண்டரை மாதக் குட்டிக்கு முக்கால் மணி நேரமே அதிகம். தூங்கி எழுந்த உடனே, தண்ணீர் குடித்து கால் மணிக்குள், சாப்பிட்டு 10 முதல் 30 நிமிடத்துக்குள், விளையாட்டு நடுவில் ஒருமுறை, படுக்கப்போகும் முன் ஒருமுறை என்று பேடுக்குக் கொண்டுபோங்கள். வயிற்றில் சாப்பாடு விழுந்ததும் குடல் அசையத் தொடங்கும் என்பதால், நேரத்துக்குச் சாப்பாடு போட்டால் நேரத்துக்கு மலம் வரும். மூன்று மாதம் வரை நாலு வேளை, ஆறு மாதம் வரை மூன்று, பிறகு இரண்டு. தட்டு 15 நிமிடம் இருக்கட்டும், மீதியை எடுத்துவிடுங்கள். நாள் முழுக்கத் தட்டில் சாப்பாடு கிடக்கும் வீட்டில் இந்தப் பயிற்சி ஏறவே ஏறாது. ‘பால் ஊற்றினால் நன்றாகச் சாப்பிடுகிறாள்’ என்று பல பேர் ஊற்றுகிறார்கள். பால் சர்க்கரை பல குட்டிகளுக்குச் செரிக்காது, பேதியாகும், பேதியான குட்டியால் எதையும் அடக்க முடியாது.

பேடுக்குத் தூக்கிக்கொண்டு போகாமல் நடத்திக் கூட்டிப்போங்கள். அப்போதுதான் வழி பதியும். அங்கே ஒரே ஒரு சொல் சொல்லுங்கள். ‘உச்சா’ என்றால் வீட்டில் எல்லோருக்கும் ‘உச்சா’தான், பாட்டி மட்டும் ‘மூச்சா போடு’ என்றால் குட்டிக்கு அது வேறு சொல். ஐந்து நிமிடம் பேசாமல் நில்லுங்கள். போனால், முடித்த அந்த நொடியிலேயே, பேடின் மேலேயே, கொண்டைக்கடலை அளவு அவித்த சிக்கன். உப்பு, மசாலா, வெங்காயம் எதுவும் கூடாது. சமையலறைக்குப் போய் எடுத்து வந்து கொடுத்தால், சமையலறைக்கு ஓடி வந்ததற்குப் பரிசு என்றுதான் அவள் புரிந்துகொள்வாள். ஒரு டப்பாவில் போட்டு இடுப்பிலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிடத்தில் போகவில்லையா? வேலிக்குள் விடுங்கள், பத்து நிமிடம் கழித்து மறுபடி. போகாத குட்டியை ஹாலில் அவிழ்த்துவிடும் அந்தப் பத்து நிமிடத்தில்தான் பாதி விபத்து நடக்கிறது.

கண்ணெதிரே தப்பான இடத்தில் உட்கார்ந்தால், ‘ஏய்’ என்று சின்னதாக ஒரு குரல். சின்ன நாய்தானே, அப்போது மட்டும் தூக்கிக்கொண்டு போய்ப் பேடில் விடுங்கள், மீதியை அங்கே முடித்தால் பாராட்டு. பிறகு பார்த்தீர்கள் என்றால் துடைப்பது ஒன்றுதான் செய்ய வேண்டியது. மூக்கைக் கொண்டுபோய் அதில் தேய்ப்பது, தட்டுவது எல்லாம் ஒன்றைத்தான் கற்றுக்கொடுக்கும்: இவர்கள் பார்க்கும்போது போகக் கூடாது. கட்டிலடி உங்கள் வீட்டில் அப்படித்தான் வந்திருக்க வாய்ப்பு. திட்டும்போது அவள் முழிப்பதும் காதை மடக்குவதும் உங்கள் குரலுக்குப் பயந்து. செய்த தப்பு தெரிந்து அல்ல.

பத்துப் பதினான்கு நாள் ஒரு விபத்தும் இல்லை என்றால் ஹாலில் பாதியைத் திறந்துவிடுங்கள். அதன் பிறகு முழு ஹால். பெட்ரூம் கடைசியில். சின்ன ஜாதிகளுக்கு நம்பகமான பழக்கம் வர ஆறு மாத வயதாவது ஆகும். எட்டு மாதம் ஆனாலும் கவலைப்பட ஒன்றுமில்லை.

ஒரு வயது லாசா ஆப்ஸோ. பேடைத் தேடித்தான் போகிறான், அதன் மேலேயே நிற்கிறான், ஆனால் சிறுநீர் மட்டும் வெளியே. வேண்டுமென்றே செய்கிறானோ என்று தோன்றுகிறது.
– வாசகர், கோயம்புத்தூர்

முன்னங்கால் இரண்டும் பேடில் பட்டதும் ‘வந்துவிட்டோம்’ என்று முடிவு செய்கிறான். பின்பாதி தரையில் நிற்கிறது. குட்டியில் வாங்கிய 60×45 பேடையே இன்னும் போடுகிறீர்கள் என்று நினைக்கிறோம். அவன் போகும் முன் ஒரு வட்டம் சுற்றவும் இடம் வேண்டும். 60×90 செ.மீ. வாங்குங்கள், அல்லது இரண்டை ஒரு விரற்கடை மேலேறும்படி வைத்து அடியில் டேப் ஒட்டுங்கள். சுவர் மூலையில் வையுங்கள். இரண்டு பக்கம் சுவர் இருந்தால் நுழைந்து திரும்பித்தான் ஆக வேண்டும், பின்பாதி தானாக உள்ளே வரும். விளிம்பு உயர்ந்த ட்ரேயில் பேடைப் பதித்தால் இன்னும் நல்லது.

இன்னொரு காரணம், நனைந்த பேட். சிறுநீரில் தோய்ந்ததில் கால் வைக்க நாய்க்குப் பிடிக்காது, பக்கத்தில் போகும். இரண்டு மூன்று முறைக்கு மேல் ஒரு பேடை ஓட்டாதீர்கள். மாற்றும்போது பழையதிலிருந்து உள்ளங்கை அளவு வெட்டிப் புதியதன் அடியில் வைத்தால் வாசனை போதும்.

துவைத்துப் பயன்படுத்தும் துணிப் பேட் வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை: துணி மென்மையாக்கும் திரவம் சேர்த்துத் துவைத்தால் உறிஞ்சும் தன்மை போய்விடும். சோப்புத்தூள் மட்டும் போட்டு வெயிலில் காயப்போடுங்கள். மிதியடியோடு குழப்பிக்கொள்ளும் நாய்க்கு இந்த வகை ஆகவே ஆகாது.

தினமும் இரண்டு வேளை ஃபினாயில் போட்டுத் துடைக்கிறோம். எங்களுக்கு வாசனையே இல்லை. ஆனால் டேஷ்ஹண்ட் மட்டும் அதே டைனிங் டேபிள் காலடிக்கே போகிறான்.
– வாசகி, மதுரை

ஃபினாயில் நம் மூக்கைத்தான் ஏமாற்றும். சிறுநீரில் உள்ள யூரிக் அமிலம் காய்ந்து உப்புப்படிகமாக டைல்ஸ் இடுக்கில் உட்கார்ந்துகொள்ளும். வெறும் தண்ணீரில் எளிதில் கரையாது. காற்றில் ஈரம் ஏறும்போது மறுபடி மணக்கும். அது நாயை ‘இங்கேதான்’ என்று கூப்பிடுகிறது. போதாததற்கு ஃபினாயில் நாய்க்கு நஞ்சும்கூட. ஈரத்தரையில் நடந்துவிட்டுப் பாதத்தை நக்கும்; தரைக்கு மிக அருகில் மூக்கு வைத்திருக்கும் டேஷ்ஹண்டுக்குக் கேட்கவே வேண்டாம். கறுப்பு ஃபினாயிலை வீட்டைவிட்டே வெளியேற்றுங்கள்.

செய்ய வேண்டியது இது. புதுச் சிறுநீர் என்றால் டிஷ்யூவோ பழைய துணியோ வைத்து அழுத்தி எடுங்கள், தேய்த்தால் பரவும். தண்ணீர் விட்டு ஒருமுறை துடைத்து, செல்லப் பிராணிக் கடையில் கிடைக்கும் என்சைம் கிளீனரை (சிறுநீரைச் சிதைக்கும் நொதி கலந்த திரவம்), சிறுநீர் பரவியிருந்த இடத்தைவிடச் சற்று அகலமாக ஊற்றுங்கள். தெளித்து உடனே துடைத்தால் காசு வீண். பத்துப் பதினைந்து நிமிடம் ஈரமாகவே இருக்க வேண்டும், டைல்ஸ் இடுக்கு என்றால் இன்னும் கூட. பிறகு தானாகக் காய விடுங்கள். பழைய இடத்துக்கு இரண்டு மூன்று நாள் தொடர்ந்து செய்ய வேண்டும். வேறு எங்கெல்லாம் போயிருக்கிறான் என்று பார்க்க, இரவில் விளக்கை அணைத்துவிட்டுப் புற ஊதா டார்ச் அடியுங்கள். காய்ந்த சிறுநீர் மஞ்சள்-பச்சையாகத் தெரியும். திரைச்சீலையின் அடி ஓரத்தை மறக்காதீர்கள்.

கிளீனர் கிடைக்காவிட்டால் வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவு. ஆனால் விட்ரிஃபைட், செராமிக் டைல்ஸில் மட்டும். மார்பிள், மொசைக், கடப்பாக்கல் தரையில் எந்த அமிலமும் கூடாது. அவை சுண்ணாம்புக் கல் வகை, பளபளப்பு அரித்துப்போகும். வெல்லம், பழத்தோல், தண்ணீர் 1:3:10 என்று மூன்று மாதம் ஊறவைக்கும் வீட்டு பயோ-என்சைமைப் பற்றியும் கேட்கிறார்கள். அது பெரும்பாலும் வினிகர் செய்யும் வேலையைத்தான் செய்யும். நல்லதுதான், அற்புதம் எதிர்பார்க்க வேண்டாம். அந்த மார்பிள் எச்சரிக்கை அதற்கும் பொருந்தும்.

பிளீச்சிங் பவுடரோ திரவமோ சிறுநீரின் மேல் நேரடியாகப் படக் கூடாது. அமோனியாவோடு சேர்ந்து மூச்சை அடைக்கும் வாயு வரும். வினிகரையும் பிளீச்சையும் கலப்பதும் அதேபோல ஆபத்து. நாய் வராமல் இருக்க மூலையில் அந்துருண்டை போடுவது, மிளகாய்த்தூள் தூவுவது இரண்டையும் இன்றே நிறுத்துங்கள். ஒரு அந்துருண்டையை விழுங்கினாலே சின்ன நாய்க்கு உயிராபத்து. அந்த இடத்தை ‘கழிப்பிடம்’ என்ற பட்டியலிலிருந்து நீக்க எளிய வழி, நன்றாகச் சுத்தம் செய்தபின் சாப்பாட்டுத் தட்டை ஒரு மாதம் அங்கே வைப்பதுதான்.

பத்து மாத பொமரேனியன், ஆண். குட்டியில் ஒழுங்காகப் பேடில் போனவன் இப்போது சோபா கால், திரைச்சீலை, பீரோ என்று காலைத் தூக்குகிறான்.
– வாசகர், திருச்சி

பேடிலும் முழுசாகப் போய்விட்டு, மற்ற இடங்களில் நாலைந்து சொட்டு மட்டும் விடுகிறானா? அப்படியானால் அவன் பழக்கம் மறக்கவில்லை, எல்லை போடுகிறான். ஆறு மாதத்துக்கும் ஒரு வயதுக்கும் இடையில் ஆண் குட்டிகளுக்கு இது வரும். கருத்தடை அறுவை பெரும்பாலான நாய்களில் இதைக் குறைக்கும். ஆனால் பழக்கம் ஊறிப் போவதற்கு முன் செய்தால்தான் பலன் அதிகம். எந்த வயதில் செய்வது என்பதை உங்கள் மருத்துவர் நாயைப் பார்த்துச் சொல்லட்டும்.

தட்டையான பேட் இனி அவனுக்குப் போதாது. காலைத் தூக்க ஒரு கம்பம் வேண்டும். நாலு அங்குல பிவிசி குழாய் ஒன்றரை அடி வெட்டி வாங்கி, ஒரு பேடைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டு, ட்ரே நடுவில் நிறுத்துங்கள். சாயாமல் இருக்கக் குழாய்க்குள் மணல் நிரப்பி இருமுனையும் மூடியால் அடைத்துவிடுங்கள். பின்சுவரில் இரண்டடி உயரத்துக்கு ஒரு பிளாஸ்டிக் ஷீட். முதல் இரண்டு நாள் அவனுடைய சிறுநீர் பட்ட டிஷ்யூவைக் குழாயில் தேய்த்து வையுங்கள், தானே கண்டுபிடிப்பான்.

வயிற்றைச் சுற்றிக் கட்டும் துணிப்பட்டி சோபாவைக் காப்பாற்றும். பயிற்சிக்கு மாற்று கிடையாது. மூன்று மணிக்கு ஒருமுறை மாற்றாவிட்டால் தோல் வெந்துபோகும். ஜன்னல் வழியே தெருநாயைப் பார்த்துவிட்டு வந்து காலைத் தூக்குகிறான் என்றால், ஜன்னலின் கீழ்ப்பாதியை மறைத்துவிட்டாலே பாதிப் பிரச்னை தீரும்.

இருவரும் வேலைக்குப் போகிறோம். காலை 8.30 முதல் மாலை 6 வரை வீட்டில் யாரும் இல்லை. மூன்று மாத டாய் பூடில் வாங்கலாமா? பேட் போட்டுவிட்டுப் போனால் போதுமா?
– வாசகி, சோழிங்கநல்லூர்

போதாது. மூன்று மாதக் குட்டிக்கு மதியம் ஒரு வேளை சாப்பாடு உண்டு, நாலு மணி நேரத்துக்கு மேல் எதையும் அடக்கவும் முடியாது. ஒன்பதரை மணி நேரம் தன் அழுக்கோடு தானே இருந்து பழகிய குட்டி, பிறகு அழுக்கைப் பற்றிக் கவலைப்படுவதையே விட்டுவிடும். கடைக் கூண்டில் நெடுநாள் இருந்து வந்த குட்டிகளைப் பழக்குவது கடினமாக இருப்பதற்கும் இதுதான் காரணம். முதல் மூன்று மாதத்துக்கு காலை 11 மணிக்கும் மதியம் 2.30க்கும் வந்து அரை மணி நேரம் இருக்க ஒருவரை ஏற்பாடு செய்ய முடியும் என்றால் வாங்குங்கள். வருபவருக்கும் அதே சொல், அதே இடம், அதே பரிசு. வெளியே போகும்போது வேலிக்குள் விடுங்கள். பாத்ரூமில் பூட்டிவைக்க வேண்டாம். உச்சா வராமல் இருக்கத் தண்ணீரை எடுத்துவிட்டுப் போவது கொடுமை மட்டுமல்ல, சிறுநீர்ப்பை கல்லுக்கும் வழி.

இரண்டு மூன்று வயது ஆன, பழகிய நாயைத் தத்தெடுத்தால் உங்கள் வேலை நேரத்துக்கு அது நன்றாகவே ஒத்துவரும். ஆறு முதல் எட்டு மணி நேரம் தாங்கும். இடையில் வந்தால் போக ஒரு பேட் இருந்தால் சரி.

பால்கனியில் செயற்கைப் புல் போட்டுப் பழக்கிவிட்டோம். நாய் ஒழுங்கு, ஆனால் நாற்றம் போகவில்லை. கீழ்வீட்டுக்காரர் தண்ணீர் சொட்டுகிறது என்று அசோசியேஷனில் புகார் கொடுத்துவிட்டார். நாயையே எடுக்கச் சொல்கிறார்கள்.
– வாசகர், அண்ணா நகர், சென்னை

நாயை எடுக்கச் சொல்ல அசோசியேஷனுக்கு உரிமை இல்லை. இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் இதைத் தெளிவாகச் சொல்கிறது. ஆனால் கீழ்வீட்டுக்காரர் துணி காயப்போடும் இடத்தில் உங்கள் நாயின் சிறுநீர் சொட்டுவது வேறு விஷயம். அதில் நியாயம் அவர் பக்கம்தான்.

முதலில் பால்கனிக் குழாய் எங்கே போகிறது என்று பிளம்பரை வைத்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் 2003 முதல் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்பதால், பல அடுக்குமாடிகளில் பால்கனி வடிகால் மழைநீர்க் குழாயோடு சேர்ந்து சேகரிப்புக் குழிக்கோ கிணற்றுக்கோ போகும். தினமும் புல்லை அலசி ஊற்றும் தண்ணீரும் அங்கேதான் போய்ச் சேரும். பாத்ரூம், துணி துவைக்கும் சர்வீஸ் பால்கனி இவற்றின் ஜாலி (தரை வடிகால் மூடி) மட்டும்தான் வழக்கமாகக் கழிவுநீர்க் குழாயில் சேரும். அலசும் வேலையை அங்கே மாற்றுங்கள்.

நாற்றத்துக்குக் காரணம் புல்லின் அடிப்பாகம். தரையில் நேராக விரித்தால் சிறுநீர் அடியில் தேங்கி நிற்கும். அடியில் ட்ரே, அதன்மேல் ஓட்டைகள் உள்ள பிளாஸ்டிக் தட்டி, அதன்மேல் துளையிட்ட அடிப்பாகம் கொண்ட புல் என்று மூன்று அடுக்காக இருக்க வேண்டும். ட்ரேயைத் தினமும் காலி செய்யுங்கள். புல்லைத் தினமும் தண்ணீரில் அலசி, வாரம் ஒருமுறை என்சைம் கிளீனரில் அரை மணி ஊறவைத்து, வெயிலில் காய விடுங்கள். இதற்கு ஒரே அளவில் இரண்டு துண்டு இருந்தால்தான் முடியும். ஒன்றை வைத்து ஓட்டுபவர்கள் எல்லோர் வீட்டிலும் நாற்றம் இருக்கும். உண்மைப் புல் இன்னும் தொல்லை: சிறுநீரின் நைட்ரஜனில் வட்டம் வட்டமாகக் கருகும், அது வளரும் தென்னை நார்க்கழிவு ஈரத்தைப் பிடித்துக்கொண்டு மணக்கும். நல்ல வெயில் விழும் பால்கனி இருந்து, அடிக்கடி மாற்றவும் மனம் இருந்தால் மட்டும்.

பால்கனியை மட்டுமே நம்பியிருப்பதில் இன்னும் சில சங்கடங்கள் உண்டு. கத்திரி வெயிலில் மேற்குப் பார்த்த பால்கனித் தரையில் புறங்கையை ஐந்தாறு நொடி வைக்க முடியவில்லை என்றால் நாயாலும் நிற்க முடியாது. அது ஹாலுக்குத் திரும்பிவிடும். வடகிழக்குப் பருவமழையில் சாரல் அடித்துப் புல் ஊறிவிடும். தீபாவளி வெடிச் சத்தத்தில் ஒருமுறை மிரண்ட நாய் பல நாள் அந்தப் பக்கமே போகாது. அதனால் புல்லின் இரண்டாவது துண்டைப் பாத்ரூமில் ஜாலிக்குப் பக்கத்தில் போட்டு, வாரத்தில் இரண்டு நாள் அங்கே போகப் பழக்குங்கள். ஈரமான டைல்ஸில் வழுக்கினால் மறுபடி வராது. தரை காய்ந்திருக்க வேண்டும்.

மழைக்காலத்தில் எலி நடமாட்டம் உள்ள கட்டடம் என்றால் லெப்டோ எனப்படும் எலிக்காய்ச்சலையும் நினைவில் வையுங்கள். எலியின் சிறுநீரால் நாய்க்கும், நாயின் சிறுநீரால் மனிதருக்கும் வரக்கூடியது. வருடாந்திரத் தடுப்பூசியில் லெப்டோ சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். ட்ரே கழுவும்போது கையுறை போடுங்கள்.

பக் குட்டி பேடைக் கிழித்துத் தின்கிறது. தன் மலத்தையும் தின்கிறது. அருவருப்பாக இருக்கிறது.
– வாசகி, சேலம்

பேடின் உள்ளே இருக்கும் உறிஞ்சும் துகள் வயிற்றில் ஊதும். பிளாஸ்டிக் அடிப்பாகம் குடலை அடைக்கும். பெரிய துண்டை விழுங்கிவிட்டு வாந்தி எடுத்தால் அன்றே மருத்துவரிடம் போங்கள். மேலே கம்பி வலைத்தட்டி உள்ள ட்ரே வாங்கினால் பேடுக்கு வாய் எட்டாது. கடிக்க வேறு பொருளும் கொடுங்கள். பல் முளைக்கும் வயது.

மலம் தின்பது குட்டிகளிடம் சகஜம். போன உடனே எடுத்துவிடுவதுதான் மருந்து. நீங்கள் எடுக்கும்போது பரபரப்பாக ஓடினால் அதற்குப் போட்டி மனப்பான்மை வந்துவிடும். ‘வா’ என்று கூப்பிட்டு ஒரு துண்டு சிக்கன் கொடுத்துவிட்டுப் பிறகு நிதானமாக எடுங்கள். குடற்புழு மருந்து கடைசியாக எப்போது கொடுத்தீர்கள் என்றும் பாருங்கள்.

விருந்தாளி வந்தாலோ, என் மாமனார் குனிந்து தூக்கப் போனாலோ, ஐந்து மாதக் குட்டி அங்கேயே நனைத்துவிடுகிறாள். மற்ற நேரம் பேட்தான்.
– வாசகி, திருநெல்வேலி

பயிற்சிக் குறை இல்லை. பணிவும் பரபரப்பும் சேர்ந்து தானாக வருவது. திட்டினால் கூடும். வருபவர் அவளை முதல் இரண்டு நிமிடம் கண்டுகொள்ளாமல் உட்காரட்டும். மேலே குனியாமல், பக்கவாட்டில் உட்கார்ந்து, தலையை விட்டுவிட்டு மார்பில் தடவச் சொல்லுங்கள். ஒரு வயதுக்குள் பெரும்பாலும் போய்விடும். மாமனாரிடம் சொல்வதுதான் கஷ்டம், தெரியும்.

ஆறு வயது ஷிட்ஸு, ஆண். ஐந்து வருடமாக ஒரு தப்பும் இல்லை. பத்து நாளாக அடிக்கடி பேடுக்கு ஓடுகிறான், கொஞ்சம் கொஞ்சமாகப் போகிறான், இரண்டு முறை படுக்கையிலேயே. மறுபடி பயிற்சி கொடுக்க வேண்டுமா?
– வாசகர், புதுச்சேரி

வேண்டாம், மருத்துவரிடம் கொண்டுபோங்கள், நாளை என்று தள்ளாமல். ஒழுங்காக இருந்த நாய் திடீரென்று தவறினால் முதலில் உடம்பைத்தான் சந்தேகிக்க வேண்டும். சிறுநீர்த் தொற்று இருக்கலாம்; ஷிட்ஸு, லாசா போன்ற ஜாதிகளுக்குச் சிறுநீர்ப்பை கல் வரும் வாய்ப்பும் அதிகம். முக்குகிறான், சொட்டுகூட வரவில்லை என்றால் கல் அடைத்திருக்கலாம். ஆண் நாய்க்கு அது அவசர நிலை. நடுராத்திரி ஆனாலும் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

போகும்போது இரண்டு தகவல் கையில் இருந்தால் நல்லது. ஒன்று, தண்ணீர்க் கணக்கு. காலையில் அளந்து ஊற்றி மறுநாள் மீதியை அளந்தால் தெரியும். ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளில் 100 மி.லி.க்கு மேல் குடிப்பது நோயின் அறிகுறி, சர்க்கரையோ சிறுநீரகமோ பார்க்க வேண்டும். இரண்டு, காலைச் சிறுநீர். பேட் உறிஞ்சிவிடுமே என்று கவலை வேண்டாம். சுத்தமான புதுப் பேடைத் தலைகீழாக, பிளாஸ்டிக் பக்கம் மேலே இருக்கும்படி வையுங்கள். வழக்கம்போல வந்து போவான், தேங்கி நிற்பதை ஊசியில்லாத சிரிஞ்சில் உறிஞ்சிச் சுத்தமான டப்பாவில் ஊற்றி ஒரு மணி நேரத்துக்குள் கொடுங்கள். தாமதமாகும் என்றால் ஃப்ரிட்ஜில் வைக்கலாம். பல நேரம் மருத்துவர் தானே நேரடியாக எடுத்துக்கொள்வார். ஆனால் முதல் பரிசோதனைக்கு இது போதும்.

தடுப்பூசி முடிந்து வெளியே கூட்டிப்போகிறோம். முக்கால் மணி நேரம் நடந்தாலும் போவதில்லை. வீட்டுக் கதவைத் திறந்ததும் ஓடிப்போய்ப் பேடில் போகிறான். இதற்கா இவ்வளவு பாடுபட்டோம்?
– வாசகர், தாம்பரம்

நீங்கள் சொல்லிக்கொடுத்ததை அவன் அப்படியே செய்கிறான். மண்ணும் சிமென்ட்டும் அவன் கால் அறியாத தரை. காலை எழுந்ததும், வீட்டில் போக விடாமல் நேராகக் கீழே கொண்டுபோங்கள். முந்தின நாள் பேடின் ஒரு துண்டை எடுத்துப்போய் வளாகத்தின் ஓரமாக ஒரே இடத்தில் மண்ணில் வைத்து, சங்கிலியைக் குட்டையாகப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் நடக்காமல் நில்லுங்கள். நடந்துகொண்டே இருந்தால் முகர்வதில் மறந்துவிடும். போனால் சிக்கன், அதற்குப் பிறகுதான் நடை. பெரும்பாலானவர்கள் நாய் போனதும் ‘வேலை முடிந்தது’ என்று லிஃப்டுக்குத் திரும்புகிறார்கள். போனால் ஊர்சுற்றல் முடிந்துவிடும் என்று தெரிந்த நாய் அடக்கிக்கொண்டே நடக்கும்.

பத்து நிமிடத்தில் போகவில்லை என்றால் மேலே வந்து வேலிக்குள் விட்டு, இருபது நிமிடத்தில் மறுபடி கீழே. பேட் துண்டை நாளுக்கு நாள் சின்னதாக்கி ஒரு வாரம் பத்து நாளில் நிறுத்திவிடலாம். மலத்தைப் பையில் எடுத்து வாருங்கள். செடித் தொட்டியிலோ வீட்டு உரக்குழியிலோ போட வேண்டாம், குடற்புழு முட்டை மண்ணில் நெடுநாள் தங்கும். பையிலிருந்து கொட்டி வெஸ்டர்ன் டாய்லெட்டில் ஃப்ளஷ் செய்யலாம். பை போகக் கூடாது. பேடைச் சுருட்டிப் பேப்பரில் சுற்றி, டயப்பரைக் கொடுப்பதுபோலத் தனியாகத் தூய்மைப் பணியாளரிடம் கொடுங்கள்.

வீட்டுப் பேடை முழுசாக எடுத்துவிடாதீர்கள். அடைமழை நாளுக்கும், கால் சிகிச்சைக்கும், பன்னிரண்டு வயதுக்கு மேல் லிஃப்ட் வரை அடக்க முடியாத காலத்துக்கும் அது வேண்டும். வாரத்தில் ஒரு நாள் ஒரு வேளை அதில் போகவைத்துப் பரிசு கொடுத்தால் மறக்காது.